கடைசிச் சொல் எங்கே போனது?

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று என்று செய்தி வந்ததும் வடசென்னையின் காசிமேட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனையாம் நம்பர்?" என்பதுதான். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள். பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் தொங்குவது, இருட்டியதும் சிவப்பு, வெள்ளை விளக்குகளாக மாறிவிடும். இந்தியாவில் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு 1865இல் கல்கத்தாவில் தொடங்கியது. கைபேசியும் வானொலியும் இல்லாத காலத்தில், கடலில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து ஒரு சேதி சொல்ல வேண்டும் என்ற தேவையில் பிறந்த முறை இது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சேதி ஒன்றுதான், ஆனால் அதைக் காட்டும் வடிவம் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. பார்ப்பவர் எங்கே, எந்த வெளிச்சத்தில் நிற்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். இன்று அதே எச்சரிக்கை கையகலத் திரைக்கு வந்து சேர்கிறது. வலைப்பக்கம் தயாரிப்பவர்கள் எதிர்கொள்ளும் கேள்வியும் கூண்டு கட்டியவர்களின் கேள்வியேதான்: சொன்னது, சொன்னபடி கண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "மீனவர்கள் இன்றும் நாளையும் கடலுக்குச் செல்ல வேண்டாம்." ஆறே சொற்கள். சாதாரணக் கைபேசியின் அகலத்தில், தலைப்புக்குரிய எழுத்தளவில், இது ஒரே வரியில் அடங்காது. பக்கத்தை வடிவமைத்தவர் தலைப்பு ஒரு வரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மூன்று புள்ளி வைத்து நிறுத்திவிடு என்று உலாவிக்குச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிஎஸ்எஸ் என்னும் ஒப்பனை மொழியில் இதற்கு மூன்று கட்டளைகள் போதும். செய்திப் பட்டியல்களில் தினமும் பயன்படுவதுதான். இப்போது திரையில் தெரிவது: "மீனவர்கள் இன்றும் நாளையும் கடலுக்குச் செல்ல…" அடுத்து என்ன? "வேண்டாம்" என்றும் இருக்கலாம். "செல்லலாம்" என்ற சொல்லின் முன்பாதியாகவும் இருக்கலாம். நேர் எதிரான இரண்டு அறிவிப்புகள் வெட்டுப்பட்டதும் எழுத்து பிசகாமல் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இந்த விபத்து நேர்வது அரிது. அங்கே மறுப்பைக் குறிக்கும் சொல் வினைக்கு முன்னால் வந்துவிடுகிறது. வால் அறுந்தாலும் தலை பிழைக்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கும். ஆம், இல்லை, கூடாது, வேண்டாம், முடியாது எல்லாம் அங்கேதான் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்ற வரியை "ஏப்ரல் 15 முதல்…" என்று நிறுத்தினாலும் இதே கதை. எதிலிருந்து என்று தெரிகிறது. எதுவரை என்பது போய்விடுகிறது.

இந்த அத்தியாயத்தின் வாதம் அந்த மீனவர் எச்சரிக்கை வாக்கியத்திலேயே அடங்கிவிடும். பக்கத்தின் அமைப்புக் கோளாறு அழகு சம்பந்தப்பட்டது, உள்ளடக்கம் சரியாக இருந்தால் போதும், ஒப்பனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெட்டியின் அகலமும் உயரமும் பொருளையே மாற்றுகின்றன. அதோடு, அந்தக் கோளாறு தற்செயலாக வருவதும் அல்ல. உலாவி தனக்குக் கொடுத்த விதிகளை ஒன்று விடாமல் நிறைவேற்றும் கணக்குப் பொறி. திரை "உடைந்துவிட்டது" என்று நாம் சொல்லும்போது, நாம் எழுதிய விதி ஒன்றோ உலாவி தானாக எடுத்துக்கொண்ட விதி ஒன்றோ, நாம் எதிர்பாராத இடத்தில் சரியாகவே வேலை செய்திருக்கிறது. ஆகவே பழுதுபார்ப்பது என்பது அங்கே இங்கே எண்களை மாற்றிப் பார்ப்பது அல்ல. எந்த விதி என்று தேடிப் பிடிப்பது. காணாமல் போன "வேண்டாம்" உண்மையில் எங்கும் போகவில்லை. பக்கத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் முழு வாக்கியமும் வந்துவிடும். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலியும் அதை முழுவதுமாகவே வாசிக்கும். கண்ணுக்கு மட்டும்தான் மறைப்பு. இந்தச் சின்னச் சோதனை ஒரு மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்றது. ஒட்டிய இடத்தில் சொல் முழுதாக வந்தால் குற்றம் பெட்டியில். அங்கேயும் வராவிட்டால் சொல் திரைக்கு வருவதற்கு முன்பே வேறெங்கோ அறுபட்டிருக்கிறது. அரை நிமிட வேலைதான். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பெட்டி என்று சொல்லிவிட்டேன். வடசென்னையில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் முதுகில் இருப்பவை உலகம் முழுக்க ஒரே அளவுள்ள கன்டெய்னர்கள். வெளி அகலம் 2.438 மீட்டர். ஆனால் பக்கச்சுவர்கள் நெளிந்த எஃகுத் தகடு. அவற்றின் தடிப்பைக் கழித்தால் உள்ளே கிடைப்பது ஏறத்தாழ 2.35 மீட்டர். 1.2 மீட்டர் நீளமுள்ள இரண்டு சரக்குப் பலகைகளை நீளவாக்கில் பக்கம் பக்கமாகக் குறுக்கே வைத்தால் 2.4 மீட்டர். வெளி அளவைப் பார்த்தவர் உள்ளே போய்விடும் என்பார், போகாது. வலைப்பக்கத்தில் மிகப் பழைய, மிகப் பரவலான கோளாறு அச்சு அசல் இதுவே. உலாவியைப் பொறுத்தவரை, பக்கத்திலுள்ள தலைப்பு, பத்தி, பொத்தான், படம் ஒவ்வொன்றும் ஒரு செவ்வகப் பெட்டி. நடுவில் உள்ளடக்கம், அதைச் சுற்றி உள் இடைவெளியான பேடிங், அதற்கு வெளியே கரைக்கோடு, அதற்கும் அப்பால் அடுத்த பெட்டியைத் தள்ளி நிறுத்தும் மார்ஜின். அகலம் 100 விழுக்காடு என்று சொன்னால் அது எந்த அகலம்? ஹோகன் வியூம் லீயும் பெர்ட் போஸும் உருவாக்கி 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ் வரையறை, உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே என்றது. அதாவது கன்டெய்னரின் உள் அளவு. அதன்மேல் இருபுறமும் 16 பிக்சல் பேடிங் வைத்தால் பெட்டி திரையைவிட 32 பிக்சல் அகலமாகி, பக்கம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கும். மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அதே சொல்லை வெளி அளவாக எடுத்துக்கொண்டது. ஒரே பக்கம் இரண்டு உலாவிகளில் இரண்டு விதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2001இல் வந்த ஆறாம் பதிப்பு வரையறையோடு ஒத்துப்போனது. வேடிக்கை என்னவென்றால், புழக்கத்துக்கு எளிதாக இருந்தது வெளி அளவுக் கணக்குதான். பின்னர் பாக்ஸ்-சைஸிங் என்ற பண்பு வந்து, எந்தக் கணக்கு வேண்டும் என்பதைப் பக்கம் எழுதுபவரே தேர்ந்துகொள்ள வழி செய்தது. இன்று பெரும்பாலோர் பக்கத்தின் முதல் வரியிலேயே எல்லாப் பெட்டிக்கும் வெளி அளவையே கணக்கிடு என்று எழுதிவிடுகிறார்கள். பக்கவாட்டில் நழுவும் பக்கத்தைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இங்கே எந்தப் பெட்டி, எந்த அளவை அகலம் என்று சொல்கிறது?

அளவுக் கணக்கு சரியாக இருந்தும் பெட்டி பிதுங்குவது உண்டு. அதற்குக் காரணம் நம் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டபோது தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று வடசென்னையின் நீண்ட பெயர்கள் நிலையங்களுக்கு வந்தன. இடது பக்கம் நிலையப் பெயர், நடுவில் நேரம், வலது பக்கம் கட்டணம் என்று ஒரு வரிசையை ஃப்ளெக்ஸ் என்னும் சிஎஸ்எஸ் முறையில் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். இடம் பற்றாவிட்டால் பெட்டிகள் சுருங்கிக்கொள்ளும் என்பதுதான் ஃப்ளெக்ஸ் தரும் வாக்குறுதி. ஆனால் அதற்குள் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு விதி இருக்கிறது: பெட்டி தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே சுருங்காது. ஆங்கிலத்தில் புதுவண்ணாரப்பேட்டை இரண்டு சொற்கள்; இடைவெளியில் மடிந்துவிடும். தமிழில் சேர்த்து எழுதினால் ஒரே சொல். அது மடிய மறுக்கிறது, பெட்டி சுருங்க மறுக்கிறது, கட்டணம் திரைக்கு வெளியே போய் நிற்கிறது. வடிவமைப்பவர் கட்டணப் பெட்டியையே திருத்திக்கொண்டிருப்பார். ஏனென்றால் அதுதான் கண்ணுக்குக் காணவில்லை. குற்றவாளி மறுகோடியில், பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும் பெயர்ப் பெட்டி. அதன் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியம் என்று அறிவித்து, இடம் போதாத நேரத்தில் சொல்லை எழுத்து எல்லையில் மடிக்க அனுமதி கொடுத்தால் எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். சொல்லை நடுவில் மடிப்பது அலங்கோலம் என்று சிலர் தயங்குவார்கள். ஆங்கிலத்துக்கு அந்தத் தயக்கம் சரி. தமிழ் நாளிதழ்களின் குறுகிய பத்திகளில் சொல்லை வரி ஓரத்தில் சிறுகோடுகூட இல்லாமல் மடிப்பது பழகிப்போன வழக்கம். நம் கண் அதில் தடுக்கி விழுவதில்லை.

எழுத்து எல்லை என்று சொன்னது முக்கியம். அந்த எல்லை எங்கே என்பதில் கணினியும் கண்ணும் ஒத்துப்போவதில்லை. திருவொற்றியூர்: நம் கண்ணுக்கு தி, ரு, வொ, ற், றி, யூ, ர் என ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு மெய்யும் அதன்மேல் ஏறும் ஒரு குறியுமாகப் பிரியும். ஆக 14 குறியீடுகள். அதையே இணையத்தில் அனுப்பும் யூடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 42. ஆங்கிலத்தில் Tiruvottiyur என்று எழுதினால் 12 எழுத்து, 12 பைட், கணக்கு ஒன்றே. இந்த ஏழு, பதினான்கு, நாற்பத்திரண்டு என்ற மூன்று எண்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில்தான் தமிழ்ப் பக்கங்களின் பாதிக் கோளாறுகள் விழுகின்றன. பெயரின் முதல் ஏழு "எழுத்தை" மட்டும் காட்டு என்று நிரல் எழுதினால் கிடைப்பது "திருவொற". புள்ளி இழந்து நிற்கும் ஒரு றகரம். பைட் கணக்கில் 40 என்று எல்லை வைத்த சேமிப்பில் பெயரைப் போட்டால் கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் உள்ளே போகும்; திரும்ப எடுக்கும்போது கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வண்ணம் பூச வேண்டும் என்று குறியீடு குறியீடாகப் பிரித்தால் துணைக்குறி தனியாகி, அதன் அருகே புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைக்கும்; மெய்யைக் காணோம் என்பதற்கு எழுத்துரு காட்டும் அடையாளம் அது. குறுஞ்செய்தியிலும் இதே சங்கதி: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறியீடு, திருவொற்றியூர் என்ற ஒரு பெயரே அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கண்ணின் கணக்குப்படியே சொல்லைப் பிரித்துத் தரும் கருவி ஜாவாஸ்கிரிப்டில் இப்போது இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றதோடு முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. நகலெடுத்து ஒட்டியும் சொல் குறைபட்டே வருகிறது என்றால் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெட்டியைத் தொட்டுப் பயனில்லை.

மேலே கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுக் குறியும் மாறி மாறி வருவது வேறொரு நோய். தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். உலாவி அவற்றை மேலைநாட்டுப் பழைய குறியீட்டு முறையில் வாசித்தால் அதே இணை திரும்பத் திரும்பத் தெரியும். பக்கம் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். அது விடுபட்டதன் விளைவு இது. முற்றிலும் பொருத்தமற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இடையிலும் முன்பும் தட்டச்சான ஆவணங்கள் அலுவலகக் கணினிகளில் ஏராளம். அவற்றை மாற்றி வாங்கித்தான் ஆக வேண்டும். எந்த ஒப்பனைக் கட்டளையாலும் அந்தக் கோளாறு தீராது.

அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழுக்கு உயரமும் அதே அளவு ஆபத்தானது. எண்ணூரில் மின்னும் மீனும் அன்றாடச் சொற்கள். ஒரு பக்கம் அனல்மின் நிலையங்கள், மறுபக்கம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தின் மீனவக் குப்பங்கள். "மின்" என்பதையும் "மீன்" என்பதையும் பிரிப்பது மகரத்தின் தலைக்கு மேலுள்ள ஒரு சின்னச் சுழி. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரியின் உயரத்தை எழுத்தளவுக்குச் சமமாக இறுக்கி, மிஞ்சுவதை மறை என்றும் சொல்லிவிட்டால், கத்தி விழுவது அந்தச் சுழியின் மேல்தான். புள்ளியும் அங்கேதான் இருக்கிறது. அது போனால் மெய்யெல்லாம் உயிர்மெய்யாகும். கீழே தொங்கும் உகர, ஊகாரக் குறிகளின் வால் மறுபுறம் அறுபடும். ஓலைச்சுவடியில் புள்ளியே வைப்பதில்லை, குறில் நெடில் வேறுபாடுகூட எல்லா இடத்திலும் இல்லை, நம் முன்னோர் படிக்கவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். படித்தார்கள். ஆனால் சுவடி படித்தவர் பயிற்சி பெற்றவர், பாட்டின் யாப்பு அவருக்குத் துணை நின்றது, பெரும்பாலும் பாடம் முன்பே காதில் விழுந்திருந்தது, நேரமும் இருந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண் எரிந்து மூச்சுமுட்டி எழுந்த மக்களுக்கு இவற்றில் எதுவும் இருக்கவில்லை. அப்படியொரு இரவில் ஒரு பக்கத்தைத் திறப்பவர் ஊகித்துப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. மருந்து எளிது: தமிழ் வரிக்கு எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு உயரம் கொடுப்பது, பெட்டிக்கு உயரம் இவ்வளவுதான் என்று கட்டளையிடாமல், குறைந்தது இவ்வளவு என்று மட்டும் சொல்வது. முதல் கட்டளை சுவர் எழுப்புகிறது. இரண்டாவது தரை மட்டும் போடுகிறது.

மேலே வர வேண்டிய எச்சரிக்கைப் பட்டை மற்றொன்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வது இன்னொரு தீராத தலைவலி. இசட்-இண்டெக்ஸ் என்ற அடுக்கு எண்ணை 10 என்று வைப்பார்கள், பிறகு 9999 என்பார்கள், ஒன்றும் அசையாது. கன்டெய்னர்க் கப்பலை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். கப்பலின் அடிவயிற்றில் பெட்டிகளை அடுக்கி மேலே கனத்த இரும்பு மூடி போட்டு, அந்த மூடியின்மேல் மறுபடி அடுக்குகிறார்கள். அடிவயிற்றில் உச்சியில் இருக்கும் பெட்டியும் மூடிக்கு மேலுள்ள முதல் பெட்டிக்குக் கீழேதான். வலைப்பக்கத்தில் அந்த மூடியை நாம் அறியாமலே போட்டுவிடுகிறோம். ஒரு பகுதியின் ஒளிபுகாத் தன்மையைச் சற்றுக் குறைத்தாலோ, அதைச் சற்றுச் சுழற்றி நகர்த்தினாலோ, அதற்குள் இருப்பவை எல்லாம் ஒரே அறையில் அடைபட்டுவிடும். உள்ளே எவ்வளவு பெரிய எண் வைத்தாலும் வெளியே மதிப்பில்லை. மூடி எது என்று கண்டுபிடித்து, பட்டையை அதற்கு வெளியே எடுத்து வைப்பதுதான் வழி.

கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு வருவோம். இதில் பரிசோதனைக்கூடத்து ஒழுக்கம் அப்படியே பொருந்தும். சந்தேகப்படும் பெட்டிகளுக்குச் சிவப்புக் கோடு போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். கோட்டை பார்டர் என்ற பண்பால் போட்டால் கோட்டுக்கும் தடிப்பு உண்டு. அது பெட்டியைத் தள்ளும். அளக்கப் போன கோலே அளவை மாற்றிவிடும். சில நேரம் அந்தக் கோட்டினாலேயே கோளாறு மறைந்து ஆளைக் குழப்பும். அவுட்லைன் என்ற பண்பு இடம் பிடிக்காமல் கோடு மட்டும் வரையும். எல்லாப் பெட்டிக்கும் அவுட்லைன் போட்டால் திரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி தானே கையைத் தூக்கிக் காட்டும். அதிலும் பிடிபடாவிட்டால் பக்கத்தில் பாதியை நீக்கிப் பார்ப்பது. கோளாறு தொடர்ந்தால் மீதிப் பாதியில், நின்றால் நீக்கிய பாதியில். ஆயிரம் வரியுள்ள ஒப்பனைக் கோப்பில்கூடப் பத்து முறை பாதியாக்கினால் ஒரு வரிக்கு வந்து சேரலாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பலன் இல்லையென்றால் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுவது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் அவசரத்தில் எல்லோரும் மீறுகிறார்கள். பலன் தராத பத்து மாற்றங்கள் கோப்பிலேயே தங்கி, அடுத்த மாதத்துக் கோளாறுக்கு விதையாகின்றன. 2006இல் ஜோ ஹ்யூவிட் ஃபயர்பக் என்ற கருவியை வெளியிட்ட பிறகு, ஒரு பெட்டியைச் சுட்டினால் அதன் உள்ளடக்கம், பேடிங், கரை, மார்ஜின் எல்லாம் எண்ணோடு தெரியும் வசதி பரவியது. இன்று எந்த உலாவியிலும் அது கூடவே வருகிறது. ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் ஊகித்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கைபேசியில் எழுத்தெல்லாம் எறும்பளவு தெரிகிறதா? திரையின் அகலத்தையே பக்கத்தின் அகலமாகக் கொள் என்ற வியூபோர்ட் வரி இல்லை. உலாவி பக்கத்தை 980 பிக்சல் மேசைத் திரை என்று எண்ணிச் சுருக்கிவிட்டது. படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்கிறதா? மேலே ஒரு படம் தன் அளவைச் சொல்லாமல் தாமதமாக வந்திருக்கிறது.

தமிழ் எழுத்து அகலமானது, சொற்கள் நீளமானவை, கணினிக்கு ஒத்துவராத மொழி என்று பழியை மொழிமேல் போடுபவர்கள் உண்டு. ஜெர்மன் மொழியில் கூட்டுச்சொற்கள் நம்முடையவற்றைவிட நீளம். அந்தப் பெட்டிகளும் பிதுங்கின, அவர்கள் பெட்டியைத்தான் திருத்தினார்கள். தமிழ் புதிதாக எந்தக் கோளாறையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. குறுகிய ஆங்கிலச் சொல்லை வைத்துச் சோதித்த பக்கம் தப்பித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்படியானால் வாக்கியத்தைத் திருப்பி எழுதலாமே, "வேண்டாம்" என்பதை முன்னால் கொண்டுவந்தால் தீர்ந்தது என்பது கனமான எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. "கடலுக்குச் செல்லத் தடை: நாளை மாலை வரை" என்று முடிவை முந்தித் தருவது நல்ல செய்தியாசிரியரின் கைவண்ணம், எச்சரிக்கை எழுதும் எவரும் பழக வேண்டியதுதான். ஆனால் எழுதுபவருக்குத் தன் வாக்கியம் எந்தெந்தத் திரையில், எந்த அகலத்தில் வெட்டுப்படும் என்று தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைகீழாக நடக்கச் சொல்வதைவிட, பொருள் முடியும் முன் வெட்டாத பெட்டி செய்வது எளிது. இடம் குறைவான பட்டியல்களில் வெட்டாமல் முடியாது என்பது சரியே. அங்கே வெட்டுப்படுவது சினிமாச் செய்தியாக இருக்கட்டும், கடல் எச்சரிக்கையாக இருக்க வேண்டாம்.

எழுத்தைப் படமாக்கிப் போட்டுவிடலாம் என்பது வேறொரு குறுக்குவழி; பகிர்வுச் செய்திகளில் அதுதான் பெருவழக்கு. படத்தில் எழுத்து வெட்டுப்படாது, உண்மை. ஆனால் படத்தைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவரின் செயலி அதன்முன் ஊமையாகிவிடும், சிக்னல் மெலிந்த கடலோரத்தில் கடைசியாக வந்து சேரும். எழுத்தாக இருந்தவரை மறைந்த சொல் நகலெடுத்து ஒட்டினால் கிடைத்தது. படத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. ஆயத்த சட்டகங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. அவை பெட்டிக் கணக்கைச் சரியாகத் தருகின்றன. ஆனால் ஒரு வரியோடு நிறுத்து, உயரத்தை இறுக்கு என்ற முடிவுகளையும் அவற்றின் ஆயத்த வடிவங்களே பலமுறை கூடக் கொண்டுவருகின்றன. அந்த முடிவுகளை எடுத்தவர் முன்னால் தமிழ் வாக்கியம் இருந்திருக்காது.

வலைப்பக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான உலகப் பொதுநெறி, எழுத்தை இரு மடங்காகப் பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் எதுவும் தொலையக் கூடாது என்கிறது. 2018இல் வந்த பதிப்பு, 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று சேர்த்தது. இரண்டையும் தமிழில் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாதிரிப் பக்கத்தில் "தலைப்பு இங்கே" என்று நிரப்புவதற்குப் பதிலாக, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் "திருவொற்றியூர் தேரடி" என்றும், செய்தி இருக்க வேண்டிய இடத்தில் "மீனவர்கள் இன்றும் நாளையும் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்றும் போட்டு, விலை குறைந்த கைபேசி ஒன்றில் எழுத்தளவை அமைப்புகளுக்குள் போய் உச்சத்துக்கு ஏற்றிவிட்டுத் திறந்து பார்க்கலாம். வயதான சம்மாட்டி ஒருவர் கண்ணாடியைக் கரையில் விட்டுவிட்டுப் படகடியில் நின்று பார்க்கும் திரை அதுதான். செய்தி மூன்று நான்கு வரிகளாக மடியும், பட்டை திரையில் பாதியை அடைத்துக்கொள்ளும், கீழே இருந்த விளம்பரம் தள்ளிப்போகும். கடைசி வரியில், மேலே புள்ளி அறுபடாமல், "வேண்டாம்" நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.